ஒரு மூத்தவரை நினைவில் எழுதிய விதம்: சேலம் அம்மாபேட்டை நெசவுக் குடும்பமொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் அம்மாபேட்டையில் கைத்தறி நெய்து பிழைத்த குடும்பம் ஒன்றின் மூத்தவர், 2023ஆம் ஆண்டு தை மாதத்தில், ஒன்பது நாள் படுக்கையில் இருந்து தம் வீட்டிலேயே காலமானார். அவருக்கு இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள், ஒன்பது பேரப்பிள்ளைகள். மகன் வழிப் பிள்ளைகள் அவரை அப்பாயி என்றும், மகள் வழிப் பிள்ளைகளான நாங்கள் அம்மாயி என்றும் அழைத்தோம். தெருவுக்கு அவர் மூலை வீட்டு ஆயா. இதை எழுதும் நான் அவருடைய மூத்த மகளின் மகள். அவரைப் பற்றிய நினைவுகளைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் நாங்கள் செய்த பிழைகளும் சரிசெய்ய முடிந்தவையும், இதே வேலையில் இறங்கும் வேறு குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன்.

அவர் வாழ்வின் வெளிக்கோடுகள் எளியவை. கணவர், தரையில் வெட்டிய குழியில் கால்களை இறக்கி நெய்யும் குழித்தறியில் நெய்தார். அம்மாயி ராட்டையில் தார் சுற்றிக் கொடுத்தார், அதாவது குறுக்கு நூலைச் சிறு குச்சிகளில் சுற்றித் தந்தார். 1972இல் கணவருக்கு நெஞ்சில் நோய் கண்டு தறியில் உட்கார முடியாமல் போனபோது, அம்மாயியே குழியில் இறங்கி, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவைக் கையில் எடுத்தார். எங்கள் தெருவில் அன்று பெண்கள் தார் சுற்றுவார்கள், பாவுக்கு, அதாவது தறியின் நெடுக்கு நூலுக்கு, கைகொடுப்பார்கள், தறியில் உட்காருவதில்லை. 1984இல் கணவர் மறைந்த பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நெய்தார். பக்கத்து வீடுகளில் விசைத்தறி வந்து, கைத்தறிக்கு வேலை குறைந்து, முழங்காலும் ஒத்துழைக்காமல் போன பிறகுதான் நிறுத்தினார். வெளிக்கோடு இவ்வளவுதான். அவருடைய குரலும் கோபமும், ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை எனும் அலங்கார வண்டி ஊர்வலத்தைப் பார்க்க எங்கள் ஒன்பது பேரையும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல இழுத்துக்கொண்டு நடுச்சாமம் வரை நின்ற வேகமும் இதற்குள் இல்லை. எங்களுக்கு வேண்டியிருந்தவை அவைதான்.

முதல் பதினாறு நாள்கள்

மறைந்த அன்றே, அச்சுக்கடையில் ஆயத்தமாக இருந்த வாசகத்தை எடுத்து, கண்ணீர் அஞ்சலிப் பலகை தெருமுனையில் வைக்கப்பட்டது. அதில் அவர் "அமைதியின் உருவம், பொறுமையின் சிகரம்" என்றிருந்தது. வயது 81 என்று போட்டிருந்தார்கள். துக்கம் கேட்க வந்த ஒரு முதிய நெசவாளர் பலகைக்கு முன் நெடுநேரம் நின்று, "இது யாரு?" என்று என் சின்ன மாமாவிடம் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அந்த வாசகத்திற்கும் தாம் அறிந்த பெண்ணுக்கும் தொடர்பு தெரியாமல் உண்மையிலேயே குழம்பிக் கேட்டார். அன்றிரவு நாங்கள் பேசியதெல்லாம் அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

இரண்டாவது பிழை பெரியது, திருத்த முடியாதது. பதினாறாம் நாள் காரியத்திற்கு உறவினர்கள் வருவார்கள் என்று வீடு முழுவதும் சுண்ணாம்பு அடிக்க ஆள் விட்டோம். தறிக்கூடத்தில், குழிக்கு வலப்புறச் சுவரில், அடுப்புக்கரியால் போட்ட கோடுகள் இருந்தன. ஒரு பாவு நெய்து முடித்துக் கொடுத்தால் ஒரு கோடு. அதற்குரிய கூலி கைக்கு வந்தால் கோட்டின் தலையில் ஒரு புள்ளி. எழுதப் படிக்கத் தெரியாத அவர் வைத்திருந்த கணக்குப் புத்தகம் அந்தச் சுவர்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் மற்ற மூன்று சுவர்களுக்கு வெள்ளையடிக்க விட்டாரே தவிர, அந்த ஒரு சுவரை யாரையும் தொட விட்டதில்லை. அவர் இல்லாத முதல் பதினாறு நாளுக்குள் நாங்கள் அதை அழித்துவிட்டோம். வேலை முடிந்து கூலி கொடுக்கும்போதுதான் என் அம்மாவுக்கு நினைவு வந்தது. ஒரு கையகலத்துக்குச் சுரண்டிப் பார்த்தோம். சுண்ணாம்போடு கரியும் சேர்ந்தே உதிர்ந்தது. அதற்கு மேல் கை வைக்கவில்லை.

கவனித்தவை

காரியம் முடிந்த மறுவாரம், எங்களிடம் என்னதான் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்தோம். அவர் இருக்கும் ஒளிப்படங்கள் மொத்தம் ஒன்பது. ஆறில் ஓரத்தில் நிற்கிறார். தறியில் உட்கார்ந்திருப்பதாக ஒன்றுகூட இல்லை. 2021ஆம் ஆண்டு ஊரடங்கின்போது சின்ன மாமாவின் மகன் அவரைப் பேசவைத்துக் கைப்பேசியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பதிவு செய்திருந்தான். அடுத்த ஆண்டு அந்தக் கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. வேறெங்கும் படியெடுத்து வைக்கவில்லை. எஞ்சியது ஒரே ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி. 41 வினாடி. பெரிய மாமாவின் மகளுக்கு அனுப்பியது:

"ஏண்டி, வரும்போது தட்டுவடை செட்டு வாங்கிட்டு வா. பீட்ரூட்ட நெறைய வைக்கச் சொல்லு. காரச் சட்னிய கேட்டு வாங்கு, அவனா வைக்க மாட்டான். உங்கப்பன் கேட்டா கோயில் பிரசாதம்னு சொல்லு."

பின்னால் பக்கத்து வீட்டு விசைத்தறியின் சத்தம் விடாமல் கேட்கிறது. உப்பும் காரமும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த காலம் அது. பலகையில் எழுதியதற்கு நேர்மாறாக, இந்த 41 வினாடியில் அவர் முழுவதுமாக இருக்கிறார். தொகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை எனக்குத் தீர்மானித்துக் கொடுத்தது இந்தச் செய்திதான்.

இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. அப்பாயி என்று அழைத்தவர்கள் சொன்ன பெண்ணும் அம்மாயி என்று அழைத்தவர்கள் சொன்ன பெண்ணும் வேறு வேறாக இருந்தார்கள். உடன் வாழ்ந்த மகன் வழிப் பிள்ளைகளுக்கு அவர் விடியலில் எழுப்பித் தார் சுற்ற வைத்தவர். சிந்திய நூலைப் பொறுக்கச் சொன்னவர். விடுமுறைக்கு வந்துபோன எங்களுக்கு, மல்கோவா மாம்பழத்தைக் காம்போரம் முகர்ந்து பார்த்துத் தாமே தேர்ந்தெடுத்து, கடைக்காரர் கொடுத்ததைத் திருப்பி வைத்து, அந்த ஒரு பழத்தை ஒன்பதாக நறுக்கியவர். இரண்டு தரப்பும் மற்றதன் கதையைக் கேட்டுச் சற்றே மனம் நொந்தது. "எங்ககிட்ட அப்படி இருந்ததே இல்லை" என்பது இரு பக்கமும் திரும்பத் திரும்ப வந்த சொல்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, "அவர் எப்படிப்பட்டவர்?" என்று யாரிடமும் கேட்பதில்லை என்பது. அந்தக் கேள்விக்குப் பாசம், பொறுமை, உழைப்பு என்று பலகை வாசகமே மறுபடி பதிலாக வந்தது. மாறாக, ஒரு பொருளைக் கையில் கொடுத்தோ ஒரு நாளைக் குறிப்பிட்டோ கேட்டோம். அவருடைய பழைய நாடாவை என் சின்னம்மா கையில் கொடுத்தபோது அவர் அதைத் தாமறியாமல் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிப் பிடித்தார். அதன் பிறகுதான், அம்மாயிக்கு இடக்கைப் பழக்கம் உண்டென்பதும், அதற்காகத் தறியில் பட்ட பாடும் பேச்சில் வந்தன. கேள்வியாகக் கேட்டிருந்தால் அது வந்திருக்காது.

இரண்டாவது, ஒரே நிகழ்வை இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் சொன்னவரின் உறவுமுறையைக் குறித்து அப்படியே வைப்பது. கூட்டுறவுச் சங்கத்தில் ஒருமுறை சேலையின் நீளம் குறைகிறதென்று கூலியில் பிடிக்கப் பார்த்தார்கள். மடிப்பை நீவாமலே அளந்திருந்தார்கள். அவர் சேலையைத் தரையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, அவர்களுடைய மீட்டர் கோலாலேயே மறுபடி அளக்க வைத்து முழுக்கூலி வாங்கி வந்தார். இதுவரை எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். அவர் போட்ட சத்தத்தில் சங்கமே எழுந்து நின்றது என்கிறார் சின்ன மாமா. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அளக்கும்வரை வாசலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார் என்கிறார் என் அம்மா. இரண்டையும் இணைத்து ஒரு நல்ல கதையாக்கித் தர என்னால் முடியும். ஆனால் அது என் கதையாகிவிடும். அம்மாயியை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். எனவே இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன.

மூன்றாவது, ஆண்டுகளை நிலைநிறுத்துவது. ஆதார் அட்டையில் அவர் பிறந்த நாள் 1942 ஜனவரி 1. அது யாரோ உத்தேசமாகப் போட்டது. அவர் சொல்லிவந்த கணக்கு வேறு: "கள்ளுக்கட மூடின மறுவருசம் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்." ராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அப்படியானால் பிறப்பு 1938. திருமணத்திற்கும் அவரிடம் ஒரு குறி இருந்தது: "கலர் படம் வந்த வருசம்." ஏற்காடு சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் தமிழின் முதல் வண்ணப் படத்தை வெளியிட்டது 1956இல். பதினெட்டு முடிந்துதான் தமக்குத் திருமணம் நடந்தது என்று அவர் எப்போதும் சொல்வார். 1938க்கும் 1956க்கும் இடையே சரியாகப் பதினெட்டு. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று உறுதிசெய்தன என்று மகிழ்ந்து, பக்கம் 7இல் 1938 என்று அச்சிட்டோம்.

1972

தொகுப்பிலேயே கடினமான பகுதி இது. இதில் நான் நடுநிலையானவள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு எடுக்கப்பட்ட முடிவின் பலனை அனுபவித்தவளின் மகள் நான்.

கணவர் நோயில் விழுந்தபோது வீட்டில் இரண்டு தறி இருந்தன. மருத்துவச் செலவுக்கு ஒன்றை விற்றார்கள். அத்தோடு போதவில்லை. அம்மாயி, எட்டாம் வகுப்பில் இருந்த பதினான்கு வயது மூத்த மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, இன்னொருவர் தறியில் கூலிக்கு அனுப்பினார். பன்னிரண்டு வயது மகளைப் பள்ளியில் தொடர விட்டார். உறவினர்கள் எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்யச் சொன்னார்கள். அவர் சொன்ன காரணத்தை என் அம்மா இப்படி நினைவு வைத்திருக்கிறார்: "பையன் தறியில உக்காந்தா தறிக்காரன். பொண்ண நிறுத்தினா கடைசி வரைக்கும் அடுத்தவங்களுக்குத் தார் சுத்துறவ." மகள் படித்து ஆசிரியை ஆனார். மகன் நெசவாளராகவே இருந்து ஓய்ந்தார். ஐம்பது ஆண்டுகளாக இது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத செய்தி.

இதை விட்டுவிடலாம் என்று குடும்பத்தில் பெரும்பாலோர் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. அம்மாயியின் துணிவைப் போற்றி எழுதும் தொகுப்பில், அந்தத் துணிவுக்கு விலை கொடுத்தவரின் பெயரை விட்டுவிடுவது நியாயமாகாது என்று கருதினேன். ஆனால் அதை எழுதும் உரிமை எனக்கில்லை. பெரிய மாமாவுக்குத்தான் இருந்தது. அவரிடம் கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டாம் முறை கேட்பதில்லை என்றும், அவர் பேசாவிட்டால் அந்த ஆண்டிற்கு ஒரு வெற்றுப் பக்கம் விடுவது என்றும் முடிவு செய்து அவரிடம் தெரிவித்தோம்.

ஐந்து மாதம் கழித்து, ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மாலை, அவரே என்னைத் தறிக்கூடத்திற்கு அழைத்தார். மூடாமல் விட்டிருந்த குழியின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். பள்ளியை விட்ட நாளில் சிலேட்டை என்ன செய்தார் என்பதிலிருந்து தொடங்கினார். கோபம் அப்படியே இருந்தது. அதை அவர் குறைத்துச் சொல்லவில்லை. இறுதியில், எங்களில் யாரும் அறியாத ஒன்றைச் சொன்னார். முதல் இரண்டு ஆண்டுகள், அம்மாயி தம் தறியை விட்டு இறங்கியதும் அந்தி நேரத்தில் மகன் வேலை செய்த தறிக்கூடத்திற்கு வருவாராம். கூலி எதுவும் வாங்காமல் ஒரு மூலையில் ராட்டையைப் போட்டு அவருக்கு மட்டும் தார் சுற்றிக் கொடுப்பாராம், மகன் சீக்கிரம் முடித்துப் படுக்க வேண்டும் என்று. "ஒரு வார்த்த பேசாது. மன்னிச்சுக்கன்னும் சொல்லல. தார்க்குச்சி தீரத் தீர எங்கையில வந்துக்கிட்டே இருக்கும்." இதை அவர் சொன்ன சொற்களிலேயே, ஒரு எழுத்தும் திருத்தாமல், அவர் படித்துச் சரி என்ற பிறகே சேர்த்தோம். என் அம்மாவும் அதை அச்சில்தான் முதன்முதலாகப் படித்தார். படித்தவுடன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பினார்.

தொடர்ந்து நடந்தவை

அழிந்த சுவருக்கு எதிர்பாராத ஒரு மீட்பு கிடைத்தது. 1996இல் பெரிய மாமா மகளின் மஞ்சள் நீராட்டு, வீட்டிலேயே பெரிய அறை என்பதால், தறிக்கூடத்தில் நடந்தது. அந்தப் படத்தில் மாலையோடு நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் அந்தச் சுவரின் ஒரு பகுதி விழுந்திருக்கிறது. படத்தை உயர்ந்த தெளிவில் வருடி எடுத்துப் பெரிதாக்கியபோது 112 கோடுகளை எண்ண முடிந்தது. ஏழு கோடுகளுக்குத் தலையில் புள்ளி இல்லை. ஏழும் அடுத்தடுத்து இருந்தன. சின்ன மாமாவிடம் காட்டியதும், கூலி பாக்கி வைத்துவிட்டுக் கடையை மூடிச் சென்ற ஒரு ஜவுளி வியாபாரியை அவர் நினைவுகூர்ந்தார். அந்த ஆண்டு தீபாவளிக்கு எங்களுக்கு ஏன் துணி எடுக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஆனால் அந்த வீட்டில் அந்தத் தீபாவளி குறைவாக நடந்ததாக எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை; வண்ண நூல் மிச்சங்களைத் திரித்து எல்லாருக்கும் கைக்கயிறு கட்டியதுதான் நினைவிருக்கிறது.

2024 தையில், முதலாண்டுத் திதியன்று, 48 பக்கத் தொகுப்பு அறுபது படிகள் வெளிவந்தன. பெரிதாக்கிய சுவர் அட்டையில் இருக்கிறது. 41 வினாடிக் குரலை வந்திருந்த அனைவருக்கும் ஒலிபெருக்கியில் போட்டோம். காரச் சட்னி வரியில் கூடம் சிரித்தது. அடுத்த வரியில் அழுதது. தெருமுனைப் பலகை முன் நின்று "இது யாரு?" என்று கேட்ட அந்த முதியவரும் வந்து ஒரு படி வாங்கிச் சென்றார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மறைந்தவரின் அறையிலும் அவர் வேலை செய்த இடத்திலும் முதல் நாற்பது நாளாவது எதையும் கழுவவோ வெள்ளையடிக்கவோ கூடாது. அதற்கு முன் நான்கு சுவரையும் தரையையும் பொருள்களையும் கைப்பேசியிலேயே படமெடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். குரல் பதிவு எடுத்த அன்றே இன்னொருவரின் கைப்பேசிக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பியிருந்தால் எங்களிடம் மூன்று மணி நேரம் இருந்திருக்கும். ஆயத்த வாசகத்தை ஏற்பதைவிடப் பலகையில் பெயரும் உறவும் மட்டும் போடுவது மேல்.

இவை எல்லாவற்றையும்விட நான் வருந்துவது, அவர் இருக்கும்போதே அவருடைய தலைமுறையில் எஞ்சியிருந்தவர்களிடம் போகாமல் விட்டதற்காக. தொகுப்பு அச்சாகும்வரை, தாரமங்கலத்தில் இருக்கும் அவருடைய தங்கையிடம் நாங்கள் பேசவே இல்லை. உடல்நிலை சரியில்லாதவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நாங்களாகவே தீர்மானித்துக்கொண்டோம்.

ஒரு திருத்தம்

2024 செப்டம்பரில் பெரிய மாமாவின் மகளும் நானும் அந்தச் சின்னப் பாட்டியைப் பார்க்கப் போனோம். எண்பது வயது, பேச்சில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பக்கம் 7ஐப் படிக்கக் கேட்டவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "கள்ளுக்கட மூடின மறுவருசம் பொறந்தது எங்கண்ணன். அக்கா அவனுக்கு ரெண்டு வருசம் எளையவ." அப்படியானால் அம்மாயி பிறந்தது 1940. 1956இல் அவருக்குப் பதினாறு. அன்றைய சட்டப்படி அது குற்றமும் அல்ல. பெண்ணின் திருமண வயது அப்போது பதினைந்து, அது பதினெட்டாக உயர்ந்தது 1978இல்தான். பதினெட்டு முடிந்துதான் திருமணம் என்று அவர் சொல்லிவந்தது பொருந்தவில்லை.

என்னோடு வந்தவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். 1999இல் அவளுக்குப் பதினாறு வயதானபோது ஒரு நல்ல இடம் வந்து, பெரிய மாமா சம்மதமும் சொல்லிவிட்டார். அப்போது தறியிலிருந்து எழுந்து வந்து, மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையிலேயே, "நானே பதினெட்டு முடிஞ்சுதான் கட்டினேன். எம் பேத்தி அதுக்கு முன்னால கட்ட மாட்டா" என்று சொல்லித் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுத்தவர் அப்பாயி. அவள் படித்து முடித்து இன்று ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறாள். அப்பாயி பதினெட்டு என்று சொல்லி அதற்கு முன்பு யாரும் கேட்டதாக நினைவு இல்லை என்று சின்ன மாமாவும் என் அம்மாவும் பிறகு தனித்தனியே சொன்னார்கள். "அப்பாயி தெரிஞ்சேதான் சொல்லியிருக்கு" என்றாள் அவள், திரும்பி வரும் பேருந்தில்.

பழைய வரியை அழிக்க வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால், பக்கம் 7இல் 1938 என்பது அப்படியே இருக்கிறது. அதன் கீழே சின்னப் பாட்டி சொன்னதும் 1999இல் நடந்ததும் அடங்கிய திருத்தச் சீட்டை ஒட்டுகிறோம். அறுபது படிகளில் 47 திரும்ப வந்து ஒட்டியாகிவிட்டது. மீதிப் பதிமூன்றும் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.